பாப்பாவுக்கு

பாப்பா, நல்லா இருக்கியா. நான் அனுப்பறதுக்கெல்லாம் ப்ளூ டிக் விழுது, பதில்தான் வரமாட்டேங்குது. சரி, வேலையா இருப்பே.

மேலத்தெரு வாத்தியார் வீட்டை இடிக்கறாங்கல்ல, அங்க இருந்த பழைய புக்கெல்லாம் மூட்டையா கட்டி நம்ம லைப்ரரி வாசல்ல இறக்கிட்டு போயிட்டாங்க. பிரிச்சா, கல்கில வந்த பொன்னியின் செல்வன், வாராவாரம் கிழிச்சு சேர்த்து காலிகோ துணி போட்டு பைண்ட் பண்ணினது! 1950ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் வந்த கதை, யாரு இவ்வளவு பொறுமையா எடுத்து வச்சாங்களோ. ஓரமெல்லாம் ராமபாணப் பூச்சி அரிச்சு தொட்டா உதிருது, ஆனா மணியம் போட்ட படமெல்லாம் அப்படியே இருக்கு. நந்தினியோட ஆண்டாள் கொண்டைல முடியெல்லாம் தனித்தனி கோடா இழுத்திருக்கார், ஒரு இடத்துல கை தடுமாறல. நீ ஆறாவது படிக்கறப்ப காலண்டர் பின்னாடி இதே கொண்டையதானே போட்டு போட்டு பாத்தே, நம்ம தெருவுல யாருக்கு அந்த கை வரும். அந்த காலண்டர் அப்பா பீரோலதான் இருக்கு, உன்கிட்ட சொல்லமாட்டார்.

மணியம் 44 வயசுலயே போயிட்டாராம். பையன் மணியம் செல்வனும் பெரிய ஓவியர்தான், ஆனாலும் 44லாம் ஒரு வயசா பாப்பா. ராத்திரி கண்ணு முழிக்காதே, நேரத்துக்கு சாப்பிடு. காபி குடிச்சே வயித்தை ரொப்பாதே.

பேப்பர்ல பெங்களூர் பக்கம் ஆட்குறைப்புன்னு போட்டிருந்துச்சு. உங்க ஆபீஸ் பத்தி நான் ஒண்ணும் கேக்கல. மஞ்சு அம்மா கேட்டாங்க, எம்பொண்ணுக்கு என்ன, நல்லா இருக்கான்னு சொல்லிட்டேன். தீபாவளிக்கும் வரல, சின்னத்தை வீட்டு விசேஷத்துக்கும் வரல, ஒரு ராத்திரி பஸ்தானே, என்ன நெனச்சுக்கறது நாங்க. வேலை இருந்தாலும் இல்லாட்டியும் மாடி ரூம் உன்னோடதுதான், நான் அதுல ஒரு சாமானும் போடல. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்.

ஒரு வால்யூம் தையல் விட்டு அட்டை தனியா வந்துடுச்சு. வெளில குடுத்தா ஓரத்தை வெட்டிடுவாங்க, படமும் சேந்து போயிடும். நீ வா, நாம ரெண்டு பேருமா தச்சுக்கலாம். மைதா பசை நான் காச்சறேன், கொஞ்சம் மயில்துத்தம் போட்டா பூச்சி வராது. ஊசி நூலெல்லாம் வாங்கி வச்சாச்சு. எந்த பஸ்னு மட்டும் சொல்லு, ராத்திரி எத்தனை மணிக்கு போன் பண்ணினாலும் எடுப்பேன், சாப்பிட்டியா.

அம்மா