செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

நிர்வாகசபை மாதாமாதம் கூடியது. இரண்டு கூட்டம் மழையால் தள்ளிப்போனது. நல்லூர்த் திருவிழாக்காலத் தண்ணீர்ப் பந்தல் வழமைபோல் நடந்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இம்முறை ஒருவரும் இடையில் எழும்பிப் போகாமல் கேட்டது, செயற்கை இடுப்பு மூட்டை மறுபடி மாற்றும் சத்திரசிகிச்சை பற்றி ஒரு வைத்தியர் ஆற்றிய உரையைத்தான். மாற்று மூட்டோடு நடப்பவர்கள் நம்மிடையே பலர், நானும் சேர்த்தி. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1962இல் இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி பொருத்தத் தொடங்கிய மூட்டில் உலோகப் பந்து, பொலித்தீன் கிண்ணத்துக்குள் சுழலும். இன்றைய மூட்டுகளுக்கு அதுதான் மூலம். கிண்ணம் தேய்ந்து உதிரும் நுண்துகளோடு உடம்பு சண்டைக்குப் போக, பக்கத்து எலும்பு கரைகிறது. சத்தமில்லாமலே கரையும். "நோவு இல்லை, பிறகேன் எக்ஸ்ரே?" என்று கிளினிக்குக்குப் போகாதவர்கள் கவனிக்க.

புதியதைப் பொருத்துவதைவிடப் பழையதைக் கழற்றுவதுதான் பெரும்பாடாம். பந்தைத் தாங்கத் தொடையெலும்புக்குள் இறக்கிய உலோகத் தண்டு இறுகிப்போயிருக்கும்; அதை இழுத்தால் தொடையெலும்பு வெடித்துவிடும். ஆகவே எலும்பின் வெளிப்பக்கத்தை நீளவாக்கில் வெட்டி, தசை ஒட்டியபடியே கதவுபோலத் திறந்து, தண்டையும் அதைப் பிடித்துவைத்த எலும்புச் சீமெந்தையும் எடுத்தபின் மூடிக் கம்பியால் கட்டுகிறார்கள். கதவு என்றதும் ஓர் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். புதுத் தண்டு நீளமானது. கீழேயுள்ள நல்ல எலும்பில் போய்ப் பிடிக்கும். கிண்ணம் இருந்த இடம் பள்ளமாகியிருந்தால் தானமாகப் பெற்ற எலும்பைத் துண்டாக்கி இடித்து நிரப்பலாம், அல்லது துளைகள் நிறைந்த டான்டலம் என்ற உலோகத்தை வைக்கலாம். கிருமித்தொற்று என்றால் பெரும்பாலும் இரண்டு சத்திரசிகிச்சை: நடுவில் பல வாரம் மருந்து கலந்த சீமெந்துத் துண்டோடு இருக்கவேண்டும்.

கேள்வி நேரத்தில் வைத்தியரே எங்களைக் கேட்டார்: "உங்களுக்குப் போட்டது எந்தக் கம்பனி, என்ன அளவு?" சபையில் சத்தமே இல்லை. அந்த விவரம் எழுதிய என் சத்திரசிகிச்சைத் துண்டு வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. கிண்ணம் மட்டும் தேய்ந்திருந்தால் தண்டை விட்டுவைக்கலாம். ஆனால் பந்து மாட்டும் அதன் கழுத்துக்குச் சரியான பந்து வேண்டும். கழுத்தின் கூம்பு எல்லாக் கம்பனிக்கும் ஒன்றல்ல. விவரம் தெரியாவிட்டால் நல்ல தண்டையும் கழற்றவேண்டி வரலாம்.

அங்கத்தவர்களின் சத்திரசிகிச்சைத் துண்டுகளுக்குப் போட்டோக் கொப்பி எடுத்துக் கோவையில் வைக்க நிர்வாகசபை தீர்மானித்தது. கோவை இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறது. அலுமாரித் திறப்பு என்னிடம். செவ்வாய், வெள்ளி மாலை 4 மணிக்குப் பிறகு வரலாம்.

செயலாளர்
யாழ்ப்பாணம்