மண்டபம் வேண்டாம், அப்பா

ஸ்கார்பரோ, டொராண்டோ,
அக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

குமரன் எழுதிக்கொள்வது. இங்கு நலம். நீங்கள், அம்மா, செல்வி எல்லோரும் நலமா? உங்கள் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. பத்திரத்தில் எழுதுவதுபோலச் சர்வே நம்பரைத் தவிர எல்லாவற்றையும் உறைமேல் எழுதியிருந்தீர்கள். உடனே பதில் போடாததற்கு வேலைதான் காரணம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

குளிர் இன்னும் முழுசாக இறங்கவில்லை. காலையில் மட்டும் காது விறைக்கிறது. வீட்டின் கீழ்ப்பகுதியில் இருப்பதால் காற்று அடிக்காது, அம்மா கவலைப்பட வேண்டாம். தோசை மாவுதான் புளிப்பேனா என்கிறது. அதனால் அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டுப் பொங்கிவிடுகிறேன். அதுவும் உடம்புக்கு நல்லதுதானே.

மேல்வீட்டு ஐயாவைப் பற்றிப் போனில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். பருத்தித்துறைக்காரர், இங்கே வந்து நாற்பது வருஷம் ஆகிறது. தினமும் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தாம்ஸன் பூங்காவுக்குப் போவார். அங்கே வரிசையாகப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். எதற்கு இந்தச் சுமை என்று கேட்டேன். "அது சிட்டியின்ர, இது என்ர" என்றார். அந்த நாற்காலியில் அவர் இல்லாத நேரத்தில்கூட யாரும் உட்காருவதில்லை. சீனத்துப் பாட்டிமார்கள் ஒரு பக்கம் மெதுவாகக் கையை வீசிப் பயிற்சி செய்வார்கள். இவர் கூட்டாளிகளோடு 304 என்ற சீட்டாட்டம் ஆடுவார். ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுவார். துருப்பு மறந்து போட்டால் என் பரம்பரையையே இழுப்பார்.

பகலில் உனக்குப் பூங்காவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கிடங்கில் ஷிஃப்டை மாற்றியிருக்கிறார்கள், வாரத்தில் சில நாள் சும்மா இருக்கலாம். நானும் ஓய்வு எடுத்து ரொம்ப நாளாயிற்று.

ஆகஸ்டில் அவர்கள் ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடலுக்கு என்னையும் கூட்டிப்போனார். கோடைக்காலத்தில் இங்கே ஒவ்வொரு சனி, ஞாயிறும் ஏதாவது ஒரு ஊர்க்காரர்கள், ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் பூங்காவில் கூடிவிடுகிறார்கள். 25 பேருக்கு மேல் என்றால் மாநகராட்சியிடம் அனுமதி வாங்கவேண்டும், அவ்வளவுதான். கயிறிழுத்தல், சாக்கு ஓட்டம், பாட்டிமார்களுக்குத் தனியாக எலுமிச்சம்பழக் கரண்டி ஓட்டம். பெரிய கிடாரத்தில் ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். அம்மாவுக்குச் சொல்லுங்கள்: பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவு, அதில் நண்டு, இறால், மீன், பயத்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் விழுகிறது. காரம் மூக்கில் ஏறியது. ஊரில் பலா இலையைக் கோலிக் குடிப்பார்களாம், இங்கே காகிதக் கோப்பை. நான் வேற்று ஊர்க்காரன் என்று யாரும் பார்க்கவில்லை. கோப்பை காலியாகுமுன் ஒரு அக்கா வந்து ஊற்றிக்கொண்டே இருந்தார். மிச்சத்தை டப்பாவில் கட்டியும் கொடுத்தார்கள், அடுத்த நாளுக்கும் ஆயிற்று.

அப்பா, இதையெல்லாம் வேலை மெனக்கெட்டு எழுதுவது உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்துக்காகத்தான். நம் நகரில் பூங்காவுக்கு விட்ட மனையில் பூங்கா வேண்டாம், கல்யாண மண்டபம் கட்டலாம் என்று நம் நகர்ச் சங்கத்தில் பேச்சு கிளம்பியிருக்கிறது, சித்தப்பாவும் அந்தப் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். சித்தப்பா ஏன் அந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். மண்டபம் வந்தால் பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகை யாருக்குப் போகும்?

நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேஅவுட் 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் சாலை போக மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கை ஓ.எஸ்.ஆர், அதாவது திறந்தவெளி ஒதுக்கீடு என்று தானப் பத்திரம் போட்டுக் கொடுத்தாக வேண்டும். கொடுத்த பிறகு அது ஊர்ச் சொத்து, சங்கத்துச் சொத்து இல்லை. நம் நகர் போட்டபோது மடிப்பாக்கம் ஊராட்சி. 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. "ஊராட்சியே இல்லை, அப்புறம் யாருடைய இடம்?" என்று சித்தப்பா கேட்பது சும்மா வாய்ச்சாலம். ஊராட்சியின் சொத்து மாநகராட்சிக்கு வந்திருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்த உங்களிடமே இதைப் பேசுகிறார் என்றால் துணிச்சல்தான்.

டொராண்டோவில் ஹை பார்க் என்று ஒன்று இருக்கிறது. அதன் பத்திரக் கதை உங்களுக்குப் பிடிக்கும். ஜான் ஹோவர்ட் என்ற கட்டடக் கலைஞர் 1873-ல் தன் 165 ஏக்கரை நகரத்துக்கு எழுதிவைத்தார். 120 ஏக்கர் உடனே, வீட்டைச் சுற்றியுள்ள 45 ஏக்கர் தன் காலத்துக்குப் பிறகு. பதிலுக்கு ஆயுள் வரைக்கும் வருஷம் 1,200 டாலர். ஜனங்கள் கட்டணமில்லாமல் அனுபவிக்க வேண்டும், உள்ளே சாராயம் விற்கக்கூடாது என்று நிபந்தனையும் போட்டார். அப்போது அது நகரத்துக்கு வெகு தூரத்தில் கிடந்த காடு. இன்றைக்கு நடு ஊர். வசந்தத்தில் செர்ரி மரம் பூக்கும்போது போகிறேன், கூட்டம் தாங்காது. டிக்கெட் கிடையாது.

இன்னொன்றையும் கூட்டத்தில் சொல்லுங்கள். 1954-ல் ஹேசல் என்ற சூறாவளியில் இந்த ஊர் ஆறுகள் பொங்கி, கரையோர வீடுகளை ஒரே ராத்திரியில் அடித்துக்கொண்டு போனது. கனடாவில் 81 பேர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வெள்ளம் ஏறும் பள்ளத்தாக்கில் வீடு கட்டக்கூடாது என்று சொல்லி, நிலத்தை வாங்கிப் பூங்காவாக விட்டுவிட்டார்கள். இப்போது ஆறு பொங்கினால் புல் நனையும், பெஞ்சு நனையும்.

மிக்ஜாம் புயலின்போது நம் தெருத் தண்ணீர் எங்கே போய் இறங்கியது? அந்த மனையில்தானே. நம் வீட்டு இரண்டாம் படியோடு நின்றது அதனால்தான். அதில் கான்கிரீட் போட்டால் அடுத்த மழைக்குச் சித்தப்பா வீட்டுக்குத்தான் முதலில் போகும், அவர் வீடுதானே தாழ்வு. இதை மட்டும் அவர் காதில் போட்டுப் பாருங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, டாக்டர் நடக்கச் சொல்கிறார் என்று செல்வி சொன்னாள். எங்கே நடப்பார்கள், தண்ணீர் லாரிக்கும் நாய்க்கும் நடுவிலா? மாம்பலத்தில் வாடகைக்கு இருந்தபோது துரைசாமி சப்வே தாண்டி நடேசன் பூங்காவுக்குப் போவோமே. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூழாங்கல்லில் எட்டு நடப்பீர்கள், நான் பின்னால் உங்கள் நிழலை மிதித்துக்கொண்டே வருவேன். வாசலில் அருகம்புல் சாறு வாங்கிக் கொடுத்துவிட்டு என் முகம் கோணுவதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். நேற்று இங்கே ஒருவர் தன் பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அந்தச் சாறு குடிக்கவேண்டும் போல இருந்தது அப்பா. அவ்வளவு கசப்பை யாராவது ஆசைப்படுவார்களா?

சரி, அதை விடுங்கள். தாம்பரத்து வரன் நல்ல இடமாகத்தான் தெரிகிறது. ஆனால் செல்வியிடம் கேட்காமல் ஜாதகத்தைக் கொடுக்காதீர்கள். அவள் எம்.பி.ஏ. முடிக்கட்டும், இன்னும் ஒரு செமஸ்டர்தான். மொட்டை மாடி ஒழுகலுக்கு இந்த மாதமே பணம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். வங்கியில் ஏதோ சரிபார்ப்பு, கொஞ்சம் தள்ளிப்போகும். மழைக்கு முன்னால் தார்பாய் மட்டும் விரித்துக் கட்டிவிடுங்கள். வெதரிங் கோர்ஸை ஜனவரியில் போட்டுக்கொள்ளலாம், எப்படியும் மழையில் போட முடியாது. தீபாவளிக்கு எனக்குச் சட்டை எடுக்க வேண்டாம், இங்கே ஜாக்கெட்டுக்கு மேல் யார் பார்க்கப்போகிறார்கள்.

அந்த மனைக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், லேஅவுட் போட்ட வருஷத்திலிருந்து. தானப் பத்திரத்தின் நகலும் எடுத்துவிடுங்கள். இரண்டையும் செல்வியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாநகராட்சிக்குக் கொடுக்கும் மனுவை நான் தட்டச்சு செய்து தருகிறேன். எதிர்வீட்டு மாமி, பால்பூத் அண்ணன், டியூஷன் டீச்சர் மூவரும் கையெழுத்துப் போட்டால் பாதித் தெரு பின்னால் வந்துவிடும். நான் எழுதிக் கொடுத்தது என்று சித்தப்பாவுக்குத் தெரிய வேண்டாம். செல்வி கல்யாணத்துக்குப் பந்தல் அவரிடம்தான் சொல்லியாக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்
குமரன்