அல்மாட்டியில் அந்த ஐந்து நாள்

அன்புள்ள சேகருக்கு,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம்.

பிட்காயின் என்ற இணையப் பணத்தை எந்த அரசாங்கமும் முடக்க முடியாது என்று எழுதியிருந்தாய். எனக்கு உடனே அக்கா மகன் ஞாபகம்தான் வந்தது. 2022 ஜனவரியில் அவன் கஜகஸ்தானில், அல்மாட்டியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். வண்டிக்குப் போடும் எரிவாயு விலை ஏறியதென்று ஜனாவோசென் என்ற ஊரில் தொடங்கிய போராட்டம் மூன்றே நாளில் நாடு முழுக்கப் பரவ, 5ஆம் தேதி அரசு இணையத்தையே நிறுத்திவிட்டது. அல்மாட்டியில் ஐந்து நாள் அதே நிலைமைதான். அக்கா போனைக் கையைவிட்டுக் கீழே வைக்கவே இல்லை. அங்கே அவன் ரொட்டி வாங்கக் கார்டை நீட்டினால் மெஷின் வேலை செய்யவில்லை. அவனுடைய அறைத்தோழன் போனில் கிரிப்டோ, அதாவது பிட்காயின் மாதிரியான பணம், வைத்திருந்தானாம். பணம் அவனுடையது, அதைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவியும் அவனிடமே. யாரும் பறிக்கவில்லை. ஆனால் அதை வைத்து ஒரு முட்டைகூட வாங்க முடியவில்லை, சேகர்.

அதற்கு முந்தைய வருடம் சீனா மைனிங்கை, அதாவது கணினிகளை ஓட்டி பிட்காயின் பரிமாற்றங்களைப் பதிவு செய்து புதுக் காயின் சம்பாதிக்கும் வேலையை, தடை செய்தபோது, மின்சாரம் மலிவு என்று பலர் மெஷின்களோடு கஜகஸ்தானுக்குத்தான் போனார்கள். 2021 ஆகஸ்டில் உலக பிட்காயின் மைனிங் திறனில் சுமார் 18 சதவீதம் அங்கே இருந்ததாக கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணக்கு. இணையம் போன சில மணி நேரத்தில் உலக அளவிலேயே அந்தத் திறன் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது.

சரி, அப்போதும் பிட்காயின் நிற்கவில்லையே என்பாய். உண்மைதான், ஓரிடம் முடங்கினாலும் மற்ற இடங்களில் ஓடும் அந்த வடிவமைப்பை நானும் மதிக்கிறேன். பிளாக்ஸ்ட்ரீம் என்ற நிறுவனம் 2017 முதல் செயற்கைக்கோள் வழியாக பிளாக்செயினை, அதாவது பிட்காயினின் கணக்குப் பதிவேட்டை, அனுப்புவதும் தெரியும். ஆனால் அதை டிஷ் வைத்து வாங்கத்தான் முடியும். உன் பணத்தை ஒருவருக்கு அனுப்ப வேறு பாதை வேண்டும். அந்தப் பாதைதான் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது.

2020 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில், இணையத்தைக் காலவரையின்றி நிறுத்திவைக்கக் கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் உதவக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையை அதே வருடம் மார்ச்சில் ரத்து செய்தது. மார்ச் தீர்ப்பு வந்த அன்று நீ ராத்திரியில் போன் போட்டுச் சந்தோஷப்பட்டாய். ஜனவரி தீர்ப்பைப் பற்றி நாம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இப்போது யோசித்தால் எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நீ என்ன நினைக்கிறாய்? விவரமாக எழுது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முரளி