தேவமகள் எப்போது இமைக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேவமகளும் மானிடனும் காதலிக்கும் அனிமேஷன் படம் வந்தால், விமர்சனங்களில் அவளைச் சுற்றிய ஒளியும் நகையும்தான் பேசப்படுகின்றன. படம் எடுப்பவர்களும் அதிலேயே உழைப்பைக் கொட்டுகிறார்கள். ஆனால் அவள் தெய்வம் என்பது அசைவில்தான் தெரிய வேண்டும். உங்கள் திரைப்பக்கம் அதையும் பார்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

சுயம்வரத்தில் இந்திரன் முதலிய நால்வரும் நளன் உருவிலேயே வந்து அமர்ந்தபோது, கண் இமைத்தது, கால் நிலத்தில் பட்டது, மாலை வாடியது என்ற மூன்றை வைத்தே தமயந்தி நளனை அறிந்தாள் என்கிறது நளவெண்பா. தேவர்களுக்கு, கண் இமைக்காதவர் என்ற பொருளில், இமையவர் என்றே தமிழில் பெயர் உண்டு. அனிமேட்டருக்கு இதைவிட நல்ல வேலைக் குறிப்பு வேண்டியதில்லை.

நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் சாதாரண இமைப்புக்கு ஏறக்குறைய 7 ஃப்ரேம் போதும். மூட 2, மூடியபடி 2, திறக்க 3. தேவமகளுக்கு இதை எடுத்துவிட்டு வேறெதுவும் செய்யாமல் விட்டால் பொம்மையாகிவிடுவாள். இமை நின்றால் கூந்தல் நுனியோ தோளில் மூச்சோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மானிடக் காதலன் பேசும்போது அவள் கருவிழியில் உள்ள வெளிச்சப் புள்ளி நூலளவு நகர்ந்தாலே, கேட்கிறாள் என்று புரிந்துவிடும். மண்ணுலகில் தங்க அவள் முடிவெடுக்கும் காட்சியில் முதன்முதலாக இமைக்கட்டும். அந்த ஓர் இமைப்புக்கு 12 ஃப்ரேம்கூடத் தரலாம். அதற்கு முன்பே ஏதோ ஒரு கூட்டக் காட்சியில் யாராவது பழக்கத்தில் இமையை வரைந்துவிட்டால் எல்லாம் போச்சு. வரைபவர்கள் எல்லாரும் பார்த்து வரையும் கதாபாத்திரத் தாளிலேயே 'இமைப்பு இல்லை' என்று எழுதிவைப்பது நல்லது.

நிலம் தொடாத அவள் பாதத்துக்கும் தரைக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் பார்ப்பவர் அதை வரைந்தவரின் பிழை என்றே நினைப்பார். தாராளமாக விட்டு, நிழலைப் பாதத்திலிருந்து பிரித்து, விளிம்பை மங்கலாக்கிப் போட வேண்டும். நிழலே இல்லாவிட்டால் பின்னணியில் ஒட்டிவைத்த தாள்தான். மனிதன் நடக்கும்போது தலை ஏறி இறங்கும், அது உடல் எடையின் வேலை. அவளுக்கு அது கூடாது. அவனை இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படமாகவும் அவளை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வரைந்தால் வேறுபாடு தானே தெரியும். ஆனால் கேமரா கூடவே நகரும் காட்சியில் இப்படிச் செய்தால் அவன் உருவம் துடிக்கும். அங்கே மட்டும் இருவரையும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வரையத்தான் வேண்டும்.

மாலை எளிது. அவன் சூடிய பூ காட்சிக்குக் காட்சி நிறம் மங்க, அவள் பூ அப்படியே இருக்கட்டும்.

ஒளி வேண்டாம் என்று சொல்லவில்லை. குளோ லேயரை, அதாவது உருவத்தின் மேல் ஒளிர்வு சேர்க்கும் அடுக்கை, முழு அளவில் போட்டால் முகக் கோடுகள் வெளுத்துப்போகும். பாதிக்கும் கீழே குறைத்து, அதே ஒளியின் நிறத்தை அவன் கன்னத்து ஓரத்திலும் தீட்டினால்தான் இருவரும் ஓரிடத்தில் நிற்பதாகத் தோன்றும்.

கைகோக்கும் காட்சியில்தான் பல படங்கள் சறுக்குகின்றன. இருவரும் தனித்தனி லேயரில் இருப்பார்கள். விரல்கள் ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக வர வேண்டும், லேயரை எப்படி அடுக்கினாலும் ஒருவர் கை முழுதும் மேலே வந்துவிடும். அந்த இரு கைகளை மட்டும் ஒரே தாளில் வரைய வேண்டும். அவன் விரல் அழுந்தும் இடத்தில் அவள் புறங்கை சற்றே குழிய வேண்டும்.

இப்படிக்கு,
அனிமேஷன் கலைஞர்கள் சிலர்