தாரில் எவ்வளவு எண்ணெய்?

ஆசிரியருக்கு,

கழிவு எஞ்சின் ஆயிலோடு நிலக்கரியைச் சேர்த்துச் சூடாக்கினால் தார் கூடுதலாகக் கிடைக்கும் என்று கடந்த இதழ்க் கட்டுரை சொல்கிறது. அந்தக் கூடுதலில் பெரும்பகுதி, மாறாமல் ஆவியாகிக் குளிர்கலத்தில் விழுந்த எண்ணெயாகவே இருக்கலாம்.

மசகு எண்ணெயின் கொதிநிலை ஏறக்குறைய 350 முதல் 550 டிகிரி செல்சியஸ். நிலக்கரி உடைந்து தார் விடுவது பெரும்பாலும் 400-500 டிகிரியில். நைட்ரஜன் ஓடும் திறந்த ரிட்டார்ட்டில் (சூடாக்கும் கலத்தில்) நிமிடத்துக்கு 5 டிகிரி என்று மெல்ல ஏற்றினால், நிலக்கரி உடையும் முன்பே எண்ணெயில் கணிசமான பகுதி வெளியேறிவிடும். உடைந்த நிலக்கரித் துண்டுகள் கூடுதல் தாராக எண்ணெயிடமிருந்து ஹைட்ரஜன் வாங்க வேண்டும். எண்ணெய் போன பின் யார் யாருக்குத் தருவது? டெட்ராலின் என்ற கரைப்பான் ஹைட்ரஜனைத் தாராளமாகத் தரும். எஞ்சின் ஆயில் போன்ற பாரஃபின் எண்ணெய் அதில் மகா கஞ்சன். இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிய வேண்டுமானால் மூடிய ஆட்டோகிளேவ் (அழுத்தக் கலம்) வேண்டும்.

எனவே எண்ணெய் மட்டும், நிலக்கரி மட்டும், கலவை என மூன்று ஓட்டங்களையும் ஒரே வேகத்தில், ஒரே வாயு ஓட்டத்தில் செய்தாக வேண்டும். உதாரணத்துக்கு, எண்ணெய் தனியாக 80%, நிலக்கரி தனியாக 10% தார் தருவதாக வைத்துக்கொள்வோம். சரிபாதிக் கலவை எந்த வினையும் இல்லாமலே 45% தரும். 47% கிடைத்து, அளவீட்டுப் பிழையும் 2% என்றால் கொண்டாட ஒன்றுமில்லை. எடை போடுமுன் டொலுவீன் ஊற்றி டீன்-ஸ்டார்க் என்ற நீர் பிரிக்கும் கருவியில் நீரை அளந்து கழிக்காவிட்டால், நீரும் தார்க் கணக்கில் ஏறிவிடும்.

மாதிரி எடுப்பதிலேயே பலர் சறுக்குகிறார்கள். பாரஃபின் எண்ணெய், தாரிலுள்ள கனமான பிசினான அஸ்பால்டீனைக் கரைக்காது, வீழ்படிவாக்கும். புட்டியை ஒரு வாரம் வைத்தால் மேலே எண்ணெய், அடியில் பிசின். மேலிருந்து பிப்பெட்டில் எடுப்பவருக்கு ஒரு விடை, அடியிலிருந்து எடுப்பவருக்கு வேறு விடை. மூடியைத் திறக்காமல் 60 டிகிரிக்குச் சூடாக்கி, நன்றாகக் குலுக்கிய பிறகே எடுக்க வேண்டும்.

ஜிசி-எம்எஸ் (சேர்மங்களைப் பிரித்து, நிறையால் அடையாளம் காணும் கருவி) வரைபடத்தைப் பார்க்கத் தெரிந்தால் எண்ணெயின் கதை அதிலேயே இருக்கிறது. மெழுகு நீக்கிய மசகு எண்ணெய் தனித்தனிச் சிகரங்களாகப் பிரியாது. ஒட்டகத் திமில் போல ஒரே மேடாக எழும்பும். அந்த மேடு அப்படியே தாரிலும் இருந்தால் எண்ணெய் வெறுமனே காய்ச்சி வடிந்திருக்கிறது. மேடு தாழ்ந்து, சீரான இடைவெளியில் இரட்டைச் சிகரங்கள் வந்தால் (முன்னால் 1-ஆல்க்கீன், ஒட்டியே நேர் ஆல்க்கேன்; இரண்டும் நேர்ச் சங்கிலி ஹைட்ரோகார்பன்கள்) சங்கிலிகள் உடைந்திருக்கின்றன. நிலக்கரியும் ஓரளவு இந்த இரட்டைகளைத் தரும் என்பதால், நிலக்கரி மட்டும் ஓட்டியதன் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

கட்டுரை, வரைபடச் சிகரங்களின் பரப்பு விழுக்காட்டை எடை விழுக்காடாகவே எழுதியிருப்பது பெரிய பிழை. ஆவியாகாத பிசின், மாதிரியை ஏற்றும் ஊசி வாயின் கண்ணாடிக் குழாயிலேயே தங்கிவிடும். வரைபடத்தில் உள்ள நூறு விழுக்காடு, தாரின் ஒரு பகுதிக்குத்தான் நூறு. முதலில் ஒரு கிராம் தாருக்கு 40 மில்லி ஹெப்டேன் விட்டு, ஓரிரவு வைத்து, அஸ்பால்டீனை வடித்து எடை போடலாம். கரைந்ததை, முன்பே உலர்த்திய சிலிக்கா ஜெல் நிரலில் ஏற்றி, ஹெக்சேன், டொலுவீன், மெத்தனால் என்ற வரிசையில் இறக்கினால் ஆலிஃபாட்டிக், அரோமாட்டிக், முனைவுப் பொருள்கள் பிரியும். கரைப்பானை முழுக்க வறட்டினால் பீனால், நாப்தலீன் எல்லாம் கூடவே பறக்கும். பிறகு பிரித்த பகுதிகளின் கூட்டுத்தொகை 90 விழுக்காட்டைத் தாண்டவில்லையே என்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

தாரிலுள்ள நச்சுச் சேர்மமான பென்சோ(ஏ)பைரீனை, கருவியின் நிறை வரைபட நூலகத்தோடு பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பி அறிவிக்கக் கூடாது. நிறை எண் 252இல் பென்சோ(இ)பைரீனும் பென்சோஃபுளோரான்தீன்களும் சேர்ந்தே நிற்கின்றன. அதன் தூய செந்தரக் கரைசலை ஏற்றி, வெளிவரும் நேரம் ஒத்துப்போனால்தான் அந்தப் பெயரை எழுதலாம்.

இப்படிக்கு,
பகுப்பாய்வு வேதியியல் வாசகர்