ஊறுகாய்க்கு ரிப்பன், ஆட்டுக்கு ஏலம்

அன்புள்ள மல்லிகா,

வெறும் கேள்விக்குறி ஒன்றை மட்டும் வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறாய். கோபம் வந்தால் உனக்கு வார்த்தை வராது என்பது ஹாஸ்டலிலேயே பார்த்ததுதானே. நாங்கள் நலம். அம்மா ஏப்ரலில் வந்தாள், அக்டோபரில் திரும்புகிறாள். முழங்கால் தேவலை. இவர் எப்போதும்போல். உன் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? முருகேசன் இன்னும் அந்த ஸ்கூட்டரை விற்கவில்லையாமே. அவனை நான் விசாரித்ததாகச் சொல், ஸ்கூட்டரையும்.

விஷயம் இதுதான். என் மகள் நிலா ஊறுகாய் போட்டுப் பரிசு ரிப்பன் வாங்கிவிட்டாள். இப்போது ஆடு வளர்க்கப்போகிறேன் என்கிறாள். முதலாவதைக் கேட்டு நீ சிரித்துக்கொள். இரண்டாவதற்குத்தான் உன்னிடம் வந்திருக்கிறேன்.

எங்கள் அயோவா மாநிலத்தில் ஜூலை பிறந்தால் கவுண்டிக்குக் கவுண்டி ஃபேர்தான், நம் ஊர்ப் பொருட்காட்சி மாதிரி. கவுண்டி என்றால் மாவட்டம் போல, மொத்தம் 99. ஆகஸ்டில் டி மொய்னில் மாநில ஃபேர். அங்கே வெண்ணெயில் ஆளுயரப் பசு செய்து குளிர்பெட்டிக்குள் நிறுத்துவார்கள், 1911-லிருந்து நடக்கிறதாம். அம்மாவைக் கூட்டிப்போனால் அத்தனை வெண்ணெயையும் உருக்கி நெய்யாக்கச் சொல்வாள். ராட்டினமும் எண்ணெய்ப் பலகாரமும் எங்கேயும் உண்டு. கவுண்டி ஃபேரின் உயிரே பிள்ளைகள் கொண்டுவந்து வைக்கும் பொருள்களில்தான் இருக்கிறது. கன்றுக்குட்டி, பன்றி, முயல், தைத்த சட்டை, மர வேலை, ஃபோட்டோ, ரொட்டி, ஊறுகாய். ஃபோர்-ஹெச் என்ற பிள்ளைகள் அமைப்பு இதை நடத்துகிறது, மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு அதை நடத்துகிறது. நாலாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை போட்டியில் சேரலாம். அதற்குக் கீழே உள்ள பொடிசுகள் காட்டலாம், போட்டி கிடையாது. இந்த ஊர் டீச்சர் ஒருவர், ஜெஸ்ஸி ஃபீல்ட் ஷாம்பா, 1910-இல் மூன்று இலை போட்ட சட்டைப் பின் ஒன்றை வரைந்தார்: தலைக்கு, இதயத்துக்கு, கைக்கு. நாலாவது இலை, ஆரோக்கியத்துக்கு, பிறகு முளைத்தது. இங்கிலீஷில் நாலுமே ஹெச்சில் தொடங்கும், பெயர் அதனால்தான்.

ஃபேரின் விதிப்புத்தகத்தில் முதலில் என் கண்ணில் பட்டது, பொருளைப் பிள்ளையே செய்திருக்க வேண்டும், அதுவும் அந்த ஆண்டுக்குள் என்பது. ஏட்டி, பிள்ளைக்கு ப்ராஜெக்ட் கொடுத்தால் அப்பன்மார் தெர்மகோல் வாங்க ஓடும் ஊரில் பிறந்தவர்கள் நாம். உன் தங்கை மகனுடைய எரிமலையை யார் செய்தது என்பது பாளையங்கோட்டைக்கே தெரியும். அடுத்து, பொருளோடு ஒரு தாள் எழுதி வைக்க வேண்டும். உன் இலக்கு என்ன, அதற்காக என்னவெல்லாம் செய்தாய், முக்கியமாக எதைக் கற்றுக்கொண்டாய் என்று மூன்று கேள்வி. சொன்ன இலக்குக்கும் வைத்த பொருளுக்கும் ஒட்டவில்லை என்றால், பொருள் எவ்வளவு பளபளத்தாலும் நடுவர் அசையமாட்டார். படம் வரைகிறவர்கள் கார்ட்டூனைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது, உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். நிலாவின் தோழி ஒருத்தி அதோடு ஓவியத்தை விட்டுவிட்டு முயலுக்கு மாறிவிட்டாள்.

அம்மாவுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. எலுமிச்சங்காயை நான்காக வகுந்து, உப்பில் ஊறப்போட்டு, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க ஒரு பரணி போட்டுக் கொண்டுபோனால் அந்த நடுவர் காலில் விழுவார் என்பது அவள் கணக்கு. புத்தகமோ ஒரே வரியில் கதவைச் சாத்திவிட்டது: ஆய்வகத்தில் சோதித்து வெளியிட்ட செய்முறைக்குத்தான் இடம், பாட்டி செய்முறைக்கு இல்லை. காரணம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுவதுதான். புளிப்பை அளக்கும் பிஹெச் எண் 4.6-க்கு மேலே போனால், அதாவது புளிப்புக் குறைந்தால், காற்றுப் புகாத ஜாடிக்குள் பொட்டுலினம் கிருமி நஞ்சு கக்கும். எண்ணெய் வேறு காற்றை மறித்துவிடும். ஆனால் எலுமிச்சைக்குமா? அது பாட்டுக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் கிடக்கிறது. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தின்று ஒருத்தரும் போகவில்லை என்று நானும் கொஞ்சம் குதித்தேன். எலுமிச்சை பாதுகாப்பானதா என்பது அவர்கள் கேள்வியே இல்லை. யாராவது அளந்து எழுதி வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. எழுதி வைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. கடைசியில் அதற்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன் உனக்கு.

நிலாவே தேடி, அமெரிக்க விவசாயத் துறையின் வெள்ளரி ஊறுகாய்ச் செய்முறை ஒன்றைப் பிடித்தாள். வெள்ளரிக்காய், வெங்காயம், வினிகர், கடுகு, செலரி விதை, ஒரு மேசைக்கரண்டி மஞ்சள் தூள். கடுகும் மஞ்சளும் காதில் விழுந்ததும் அம்மா முகம் மலர்ந்தது. அப்புறம் நாலரைக் கப் சர்க்கரை. "ஊறுகாயில போய் சீனியைக் கொட்டுதா பாரு, பாயசமா வைக்கா?" வினிகரின் அளவில் கை வைக்கக்கூடாது, உலர்ந்த மசாலாவை மட்டும் கூட்டலாம் குறைக்கலாம் என்று நிலா எங்கேயோ படித்துக் கண்டுபிடித்து, ஜாடிக்கு ஒரு வற்றல் மிளகாய் போட்டாள். அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அவள் வெள்ளரிக்காய் நறுக்கியதை நீ பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, காம்பு எது, பூ உதிர்ந்த முனை எது என்று கண்டுபிடித்து, பூ முனையில் ஒரு மெல்லிய வட்டத்தைச் சீவி எறிந்தாள். அங்கேதான் காயைக் குழையவைக்கும் என்சைம் தங்கியிருக்குமாம். அம்மா சேலை முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் நிற்கிறாள், கத்தி எடுக்கத் துடிக்கிறாள், நிலா விடவில்லை. "ஆச்சி, நீ தொட்டா என்னுது இல்ல." ஜாடியில் மேலே அரை அங்குலம் இடம் விட்டு, கொதிக்கிற தண்ணீரில் 10 நிமிஷம். கடல்மட்டத்திலிருந்து 1000 அடிக்கு மேலே இருக்கிற வீடு என்றால் கூடுதல் நேரம். அந்தச் சின்ன மூடி "டிங்" என்று உள்ளே இழுத்துக்கொண்டபோது அம்மாதான் முதலில் கை தட்டினாள்.

ஃபேரில் நடுவர் மேசைக்கு எதிரே பிள்ளையை உட்காரவைத்துப் பேசிப்பார்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள். பெற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும், வாயைத் திறக்கக்கூடாது. ஏன் இந்த முனையை வெட்டினாய் என்று கேட்டிருக்கிறார் அந்த நடுவர். நிலா என்சைம் வரைக்கும் போயிருக்கிறாள். ஒரு ஜாடியில் மேல் இடம் கூடிவிட்டதால் சிவப்பு ரிப்பன். நீலம் அதற்கு மேலே, வெள்ளை கீழே. இங்கே பிள்ளைக்குப் பிள்ளை ஒப்பிடுவதில்லை, எழுதிவைத்த தரத்தோடு ஒப்பிடுகிறார்கள். பத்துப் பேர் தேறினால் பத்துப் பேருக்கும் நீலம். "அப்போ எத்தனாவது ரேங்க்?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். ரேங்க் கிடையாது என்று சொல்லிப்பார்த்தோம். கடைசியில், சிவப்புதான் மங்களம் என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்து ஊருக்கெல்லாம் ஃபோன் போட்டுவிட்டாள். உனக்கும் வந்திருக்குமே.

இதுவரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். பத்து வயசுப் பிள்ளையைப் பெரிய மனுஷியாக மதித்து, உன் கை, உன் இலக்கு, உன் பதில் என்று உட்காரவைக்கிறார்களே, நமக்கு அப்படி யார் செய்தார்கள்? பிரேமா மேடம்கூட செய்யவில்லை.

வில்லங்கம் ஆட்டுப் பட்டியில் ஆரம்பித்தது. மூன்று வீடு தள்ளி இருக்கும் பையன் ஆடு காட்டினான். நிலா ஃபேர் முழுக்க அங்கேயே கிடந்தாள். விதியெல்லாம் அவளுக்கு இப்போது மனப்பாடம். மே 15-க்குள் ஆட்டைத் தன் பெயரில் பதிய வேண்டும். காதில் ஸ்க்ரேப்பி என்ற ஆட்டு மூளை நோய்க்கான அடையாளத் தகடு. தினசரித் தீனியும் பராமரிப்பும் அவளே. வருஷம் ஒருமுறை ஒரு பாடம் முடிக்க வேண்டும், மருந்து போட்டால் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பது வரை அதில் உண்டு. நேர்மை விதிகளே பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஏன் என்றால் 1994-இல் ஒஹையோ மாநில ஃபேரில், மாட்டின் உடல் வாகு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று தோலுக்கடியில் எண்ணெய் ஊசி போட்டுப் பிடிபட்டார்கள். எண்ணெயை எங்கே ஊற்ற வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டிருக்கலாம்.

ஃபேரில் காட்டிய ஆடு அங்கே ஏலத்துக்குப் போனால்? சில கவுண்டிகளில் ஏலம் என்பது பிள்ளைக்குப் பரிசுப் பணம் கொடுப்பதோடு சரி, ஆடு வீட்டுக்குத் திரும்பலாம். பல இடங்களில் அப்படியில்லை. ஏலத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டால் அது நேரே கசாப்பு வண்டிக்கு, மனசு மாற இடமில்லை.

கலிஃபோர்னியாவில் ஷாஸ்டா பக்கம் 2022-இல் நடந்ததை நீ படித்தாயா தெரியாது. ஒன்பது வயசுப் பெண். சீடார் என்று ஒரு வெள்ளாட்டுக்குட்டியை வளர்த்து ஃபேருக்குக் கொண்டுபோனாள். ஏலத்துக்கு முன்னாலேயே வேண்டாம் என்று அழுதிருக்கிறாள், விதியில் இடமில்லை என்றுவிட்டார்கள். 902 டாலருக்கு ஏலம் போனது. அதில் ஃபேருக்குச் சேரவேண்டியது 63 டாலர் சொச்சம். அம்மாக்காரி ராத்திரியோடு ராத்திரியாக ஆட்டைக் கொண்டுபோய் வேறு ஊரில் வைத்துவிட்டு, நஷ்டம் எதுவானாலும் கட்டிவிடுகிறேன் என்று கெஞ்சி எழுதினாள். ஏலம் எடுத்தவர் தரப்பிலும் மறுக்கவில்லை. ஃபேர்க்காரர்கள்தான் விடவில்லை. உனக்கு விலக்குக் கொடுத்தால் விதியை மதிக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததாகிவிடும் என்றார்கள். ஷெரிஃப் ஆட்கள், அதாவது கவுண்டி போலீஸ், போக வர 500 மைல் வண்டி ஓட்டி அந்த ஆட்டைப் பிடித்துவந்தார்கள். அது அறுபட்டுவிட்டது. வழக்கு நடந்து 2024-இல் கவுண்டி மூன்று லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானமானது. பணத்தை வைத்து அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

விதிக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் அங்கே நம்பித்தான் வருகிறார்கள். நோய்ப் பயமும் உண்டு. 2012-இல் பன்றிகளிடமிருந்து ஒரு ஃப்ளூ 300 பேருக்கு மேல் தொற்றியது, பெரும்பாலும் பிள்ளைகள், பெரும்பாலும் ஃபேரில் பன்றியோடு பழகியவர்கள். ஒரே கொட்டகையில் கலந்து நின்ற பிராணிகள் மறுபடி பண்ணைக்குப் போகாமல் இருப்பது நல்லதுதான். எல்லாம் புரிகிறது. ஆனால் நிலாவை மேசையில் உட்காரவைத்து நிமிரவைத்த அதே மதிப்பு, அந்த ஏலப் படிவத்தில் அவளைக் கட்டியும் போடுகிறதே மல்லிகா. ஊறுகாய்க்கு என்றால் சரி. உயிருக்கு எப்படிப் பத்து வயசில் வாக்குக் கொடுப்பது?

பெட்டைக்குட்டி வாங்கு, இனப்பெருக்கப் பிரிவில் காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று சொல்லிப்பார்த்தேன். அந்தப் பையன் கிடாதான் காட்டினான், நானும் கிடாதான் காட்டுவேன் என்கிறாள். அதன் முடிவு உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். கையெழுத்து நான்தானே போடப்போறேன்?" இவர், அவளே சொல்கிறாள் விடு என்கிறார். அம்மா, சைவ வீட்டில் இந்தப் பேச்சே எடுக்காதே என்று எழுந்து போய்விட்டாள். அவளை எனக்குச் சமாளிக்கத் தெரியும். நிலாவைத்தான் தெரியவில்லை.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் சுடலைக்கு நேர்ந்துவிட்ட கிடாய், அந்த மடங்கின காதுக்காரனை, நீதானே தினமும் அகத்திக்கீரை ஒடித்துப்போட்டு வளர்த்தாய். கொடை முடிந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய், ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, எங்கள் வீட்டில் சொல்லிக்கொடுத்தது அப்படி. இப்போது கேட்கிறேன். அது எதற்கு வளர்கிறது என்று உனக்கு ஆரம்பத்திலேயே தெரியுமா? உன் அப்பா உட்கார்த்திச் சொன்னாரா, இல்லை நீயாக விளங்கிக்கொண்டாயா? அடுத்த கொடைக்கு வேறொரு குட்டியை வளர்க்கச் சொன்னபோது ஏன் சரி என்றாய்? மே மாசம் வரைக்கும் நேரம் இருக்கிறது. சுற்றி வளைக்காமல் எழுது. நான் நிலாவுக்குப் படித்துக் காட்டினாலும் காட்டுவேன், அதனால் கெட்ட வார்த்தை மட்டும் வேண்டாம்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
கோமதி

பி.கு: உங்கள் லேபில் பிஹெச் மீட்டர் வேலை செய்கிறதா, இல்லை இன்னும் அந்த மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறதா? அம்மாவின் எலுமிச்சை ஊறுகாய் அளவுகளைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உன் மாணவிகளை விட்டு முதல் நாள், பத்தாம் நாள், மாசக் கடைசி என்று அளந்து அனுப்பு. உப்பு மட்டும் அவள் "கையால ஒரு அள்ளு" என்கிறாள், அதைக் கிராமில் எப்படி எழுதுவது என்று நீயே பார்த்துக்கொள்.