கம்பந்தட்டை அறுக்கும் முன் படி

மாப்பிள்ளை,

ஆறு மாதமாகக் கடிதம் போடாததற்குத் திட்டப் போகிறாய். திட்டு, ஆனால் இதைப் படித்த பிறகு திட்டு. வீட்டில் எல்லோரும் நலம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

கறிக்கு வளர்த்த காளைக்கன்றுகளில் இரண்டு செத்துப்போயின. நீ 'ஜமீன்தார்' என்று கூப்பிடுவாயே, அதுவும் ஒன்று. தப்பு என்னுடையதுதான். கம்பு விதைத்து யூரியாவும் தாராளமாகப் போட்டிருந்தேன். மழை ஏமாற்றிவிட்டது. கதிர் வராமலே வாடுகிறதே, வீணாக வேண்டாம் என்று அடியோடு அறுத்துக் காயவைத்துக் கட்டிப் போட்டேன். இளஞ்சோளம்தானே விஷம், கம்புக்கு என்ன என்று நினைப்பு.

பாதிதான் சரி. சோளத்தில் உண்டாகும் சயனைடு கம்பில் இல்லை. ஆனால் நைட்ரேட் இருக்கிறது, யூரியா மண்ணில் மாறி உண்டாகும் தழைச்சத்து. வேர் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வாடிய பயிரால் அதைப் புரதமாக்க முடியாது, எல்லாம் அடித்தண்டில் தேங்கிவிடும். சோள விஷமாவது காயக் காயக் குறையும். இது எத்தனை வெயில் பட்டாலும் போகாது.

கன்றுகள் செத்ததற்கு முந்தின நாள் பார்த்து நான் வெளியூரில் இருந்தேன். மறுநாள் காலையில் வந்தபோது எல்லாம் பசியில் கத்திக்கொண்டிருந்தன. பாவம் என்று கட்டுக் கட்டாகப் பிரித்துப் போட்டேன். சில மணி நேரத்தில் மூன்று தள்ளாடின, மூச்சு வாங்கியது, ஈறு நீலம் பாரித்தது. டாக்டர் ஊசியில் எடுத்த ரத்தம் காப்பி நிறத்தில் இருந்தது, மாப்பிள்ளை. இரைப்பையில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி ரத்தத்தில் கலந்தால், அந்த ரத்தத்தால் பிராணவாயுவைச் சுமக்க முடியாதாம். மெத்திலீன் நீலத்தை நரம்பில் ஏற்றியதில் ஒன்று பிழைத்தது.

உன் கம்பும் வாடிக் கிடக்கிறது, வரும் வாரம் அறுப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறேன். அடியில் ஒரு சாண் விட்டு அறு. இடையில் மழை பெய்தால் உடனே அரிவாளைத் தூக்காதே, நின்ற பயிர் திடீரென்று நிறைய உறிஞ்சும். ஒரு வாரம், பத்து நாள் போகட்டும். அப்புறம் பல கட்டுகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்குக் கொடு. காய்ந்த எடையில் நைட்ரேட் 0.44 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை. 1.76-ஐத் தாண்டினால் தொடவே தொடாதே. என்னுடையது 1.1. தூக்கி எறிய மனம் வரவில்லை, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வேறு வைக்கோல் கலந்து, வயிறு காயாத நேரத்தில் போடுகிறேன். சினை மாட்டுக்குக் காட்டுவதேயில்லை, கன்று வீசிவிடும்.

மற்றபடி நல்ல தீவனம்தான், தின்கிற மாடுகள் ஆசையாகத் தின்கின்றன. ஆனால் அந்தத் தட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்குத்தான் கை கூசுகிறது.

உன் குதிரைப் பைத்தியம் இன்னும் தீரவில்லை என்று கேள்வி. பக்கத்து வயலில் தினை போட்டிருக்கிறாயே, அந்தத் தட்டையை மாட்டுக்குப் போடு, குதிரைக்கு வேண்டாம். மூட்டையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அறுத்துவிட்டாயா இல்லையா, அதை மட்டுமாவது உடனே எழுது.

உன்,
கட்டையன்